சவுரி என்று வெட்டிய முடி

ஆள் இல்லாத பார்லர்

அபேனாவை நான் முதன்முதலில் பார்த்தபோது பார்லரில் மூன்று நாற்காலியும் காலி. நல்ல மழை. டூரிஸ்ட் நடமாட்டமே இல்லை. நாங்கள் ஹீட்டர் பக்கத்தில் கையைத் தேய்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் ஒரு விடுதிப் பள்ளியின் வார்டன் மேடம் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். ஓனர் அக்கா பிள்ளையின் தலையைப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுக்கு இங்க ஆள் இல்லீங்க மேடம். மதுரைக்குத்தான் போகணும்."

இந்த மாதிரி முடியை நாங்கள் தொட்டதில்லை என்று சொல்லியிருந்தால் அது உண்மை. ஆள் இல்லை என்றது பொய். கொடைக்கானலில் பாதிக் கல்யாணத்துக்கு மணப்பெண் சடை போட்ட நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் போன பிறகு அக்கா என்னிடம் சொன்னதையும் எழுதிவிடுகிறேன்: "அந்தத் தலை நம்ம சேர்ல உக்காந்தா மத்த கஸ்டமர் உக்காருவாளுகளா ரீட்டா?"

அபேனா பத்தாம் வகுப்பு. கானா நாட்டுப் பிள்ளை. அப்பாவுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை. ஒவ்வொரு லீவுக்கும் அம்மாதான் தலை பின்னி அனுப்புவார். அந்தத் தடவை அம்மா பிரசவத்துக்குக் கானாவுக்குப் போய்விட்டதால் பழைய பின்னல் பாதி அவிழ்ந்து பாதி சிக்காகிக் கிடந்தது.

"திங்கக்கெழமை வெள்ளனே அசெம்பிளி இருக்கு" என்றார் வார்டன் மேடம். "எண்ணெய் வச்சு, ரெட்டைச் சடை போட்டு, மடிச்சு ரிப்பன் கட்டணும். எல்லாப் பிள்ளைக்கும் அதான் ரூல். இவளுக்குக் கட்ட வரலைன்னா ஒட்ட வெட்டிர வேண்டியதுதான். தொல்லை விட்டுச்சு."

பிள்ளைக்குத் தமிழ் புரியும். இரண்டு வருடமாக அந்த விடுதியில் இருக்கிறாள். அவள் தலையைக் குனிந்து ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்கள் படி இறங்கியதும் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"மேடம், ஞாயித்துக்கெழமை என் வீட்டுக்கு அனுப்புங்க. நான் பின்னி விடுறேன்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. அந்தப் பிள்ளைக்குத் தெரியும்ல, கேட்டுப் போடுறேன். ரெட்டைச் சடை மாதிரி மடிக்க வராது மேடம். தலையோட ஒட்டிப் பின்னி, பின்னாடி தொங்குறதைச் சேத்து ரிப்பன் கட்டிக்கலாம்."

"என்னமோ பண்ணு. நீட்டா இருந்தா நான் ஏன் வெட்டப் போறேன்?"

அந்த வார்த்தையை நான் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை

என் வீடு நாயுடுபுரத்தில். பிள்ளை காலையிலேயே ஒரு பையோடு வந்துவிட்டாள். அம்மா முந்தின லீவில் வாங்கி வைத்திருந்த செயற்கை முடி பாக்கெட்டுகள், பாசி மணி, ஒரு ஊசி எல்லாம் அதில் இருந்தன. க்ரோஷே முறையில் ஃபுலானி பிரெய்ட்ஸ் போட வேண்டும் என்றாள். எனக்கு இரண்டு சொல்லுமே புதிது. என் போனில் அவள் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தோம். சிக்னல் போய்ப் போய் வந்தது.

நான் செய்த முதல் காரியம், உறைந்து கிடந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலை அடுப்புப் பக்கத்தில் இளக வைத்ததுதான். தலை என்றால் எண்ணெய், வேறென்ன?

"ஆன்ட்டி, ஆயில் வேணாம்" என்றாள் அபேனா. "வழுக்கும். பின்னல் நிக்காது."

அடுத்து, சீப்பை உச்சியில் வைத்து இழுத்தேன். நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு அப்படித்தானே சீவுகிறோம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். போனில் அவள் அம்மா கையை ஆட்டித் தடுத்தார். நுனியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற வேண்டுமாம். தண்ணீர் தெளித்து, சிக்கு எடுக்கவே காலைப் பொழுது போய்விட்டது.

வீட்டில் முதல் தடவை போடுகிற பெண்களுக்குச் சொல்கிறேன், கார்ன்ரோதான் இதில் அஸ்திவாரம். தலையை வகிடு வகிடாகப் பிரித்து, மண்டையோடு ஒட்டிப் பின்னிக்கொண்டே போவது. ஃபுலானியில் முன் பக்கம் நடு வகிட்டில் ஒரு பின்னல், இரண்டு பக்கமும் சில, காதோரம் தொங்குகிற மாதிரி ஒவ்வொன்று. இந்த முன் பின்னல்களில் செயற்கை முடியை அவள் சொந்த முடியோடு சேர்த்துச் சேர்த்தே பின்ன வேண்டும். பின் பக்கம் முழுக்க சொந்த முடியில் கார்ன்ரோ போட்டு, ஊசியை அதன் அடியில் நுழைத்து, கடையில் ஏற்கெனவே பின்னியே விற்கிற இழையைக் கொக்கியில் மாட்டி இழுத்து முடிச்சுப் போட வேண்டும். அதுதான் க்ரோஷே.

என் விரல்கள் மக்கர் பண்ணின. நம் சடையில் பக்கத்துப் பிரியை நடுப்பிரியின் மேலே கொண்டுவருவோம். கார்ன்ரோவில் அடியில் கொண்டுவர வேண்டும். அப்போதுதான் வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். என் கை தன்னால் மேலே மேலே போயிற்று, பின்னல் அமுங்கிப் போயிற்று. அவிழ்த்தேன், போட்டேன், மறுபடி அவிழ்த்தேன். அந்த அம்மாவுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. அவர் கேமரா முன்னால் உள்ளங்கையை மல்லாத்திக் காட்டினார், கை மல்லாந்தால் விரல் தானாக அடியில் போகும் என்று எனக்குப் பிடிபட்டது. இத்தனை வருடம் கல்யாண வீட்டில் என்னைப் புகழ்ந்தவர்கள் அன்று என் கையைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்று, இறுக்கம். மண்டை வலிக்க வலிக்கப் பின்னினால்தான் சடை நன்றாக இருக்கிறது என்று சொல்கிற ஊர் இது. "நெத்தி இழுத்தா தப்பு ஆன்ட்டி, ஓரத்து முடி செத்துப் போயிரும்" என்றாள் பிள்ளை. நான் தளர்த்தினேன்.

என் நாத்தனார் செசிலி பக்கத்து வீடு. கம்பளித் தொப்பி பின்னி ஏரிக்கரையில் விற்கிறவள். வேடிக்கை பார்க்க வந்தவள் ஊசியை வாங்கிப் பார்த்தாள். கம்பளி ஊசியில் வெறும் கொக்கிதான் இருக்கும். இதில் கொக்கிக்கு ஒரு குட்டிக் கதவு இருந்தது.

"மதினி, இது தொப்பிக்குக் குஞ்சம் கட்டுற வேலைதான. தள்ளுங்க."

நான் ஒரு இழை மாட்டுவதற்குள் அவள் ஒரு வரிசையை முடித்துவிடுவாள். முன் பக்கம் நான், பின் பக்கம் அவள். நடுவில் அபேனா முட்டைப் பணியாரம் சாப்பிட்டுக்கொண்டு, "செசிலி ஆன்ட்டிக்குத்தான் ஃபர்ஸ்ட் ரேங்க்" என்று என்னைக் கிண்டல் செய்தாள். எனக்கு ரோஷமாகத்தான் இருந்தது. கடைசியில் தோளில் கனத்த துண்டு போட்டு, நுனிகளை மட்டும் வெந்நீரில் முக்கி எடுத்தோம். அவிழாமல் இருக்க அதுதான் வழி. காதோரப் பின்னலில் அபேனாவே பாசி கோத்தாள், நெற்றிக்கு மேலே ஒன்று.

கண்ணாடியில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கம்மா போட்ட மாதிரி இல்ல. ஆனா நல்லாருக்கு" என்றாள். போனில் அவள் அம்மா அழுதுகொண்டே சிரித்தார். பின்னால் ரிப்பன் கட்டி, மேடம் கேட்ட மாதிரி நீட்டாக அனுப்பினேன். அதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

புதன்கிழமை

புதன்கிழமை முகூர்த்தம். அடுக்கம் கிராமத்தில் ஒரு மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்யப் போயிருந்தேன். முடித்துவிட்டு பார்லருக்கு வந்தால் குப்பைக்கூடை நிறைய பின்னல். மேலே கிடந்த பாசியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஜூனியர் சுகன்யா கூட்டுமாற்றைப் பிடித்தபடி மூலையில் நின்றாள்.

"வார்டன் மேடம் கூட்டிட்டு வந்தாங்கக்கா. மத்த பிள்ளைகளும் பாசி வேணும்னு கேக்குதுகளாம். 'எல்லாம் சவுரிதான, வெட்டிப் போடுங்க'ன்னாங்க. ஓனரக்காவே கத்திரியை எடுத்துட்டாங்க."

"பிள்ளை ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லுச்சுக்கா. இது என் முடி, இது என் முடின்னு சொல்லிட்டே இருந்துச்சு. நடிக்கிறா, நீங்க வெட்டுங்கன்னு மேடம் சொல்லிட்டாங்க."

நம் ஊரில் சவுரி என்றால் சடைக்கு நடுவிலோ நுனியிலோ சேர்த்துக் கட்டுவது. எந்த இடத்தில் வெட்டினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த நினைப்பில் இரண்டு பேரும் பின்னலை அடியோடு பிடித்து, மண்டை ஒட்ட நறுக்கியிருக்கிறார்கள். முன் பக்கம் நெற்றி ஓரமெல்லாம் அவள் முடியும் சேர்ந்தே போய்விட்டது. பின் பக்கம் கத்திரி கார்ன்ரோவுக்கே அடியில் புகுந்து, திட்டுத் திட்டாக வழித்திருக்கிறது. கூடையிலிருந்து ஒரு பின்னலை எடுத்து அவிழ்த்தேன். செயற்கை இழைக்கு நடுவில், பூ மாதிரி மெத்தென்று, சுருண்டு, அவள் முடி இருந்தது. அதைக் கொண்டுபோய் ஓனர் அக்கா முன்னால் வைத்தேன்.

"எனக்கு என்ன தெரியும்? சவுரின்னாங்க, வெட்டினேன்" என்றார். "வளர்ற முடிதான ரீட்டா, என்னமோ கை போன மாதிரிப் பேசுற. அதுசரி, கடைக்கு வந்த கஸ்டமரை நீ எப்படி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்? அதுக்குப் பதில் சொல்லு."

அங்கிருந்து நேரே விடுதிக்குப் போனேன். கேட் பக்கத்திலேயே மேடத்தைப் பிடித்தேன்.

"பாசி ஆகாதுன்னா கழட்டச் சொல்லிருக்கலாமே மேடம். வெரசாக் கழட்டிருவாளே அவ."

"சவுரின்னு நெனச்சோம். இப்ப அதுக்கு என்ன செய்யச் சொல்ற? எனக்கு நூறு சோலி கெடக்கு."

அந்தப் பிள்ளையிடமாவது மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்டேன். சின்னப் பிள்ளையிடம் போய் யாராவது மன்னிப்புக் கேட்பார்களா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

பிற்பாடு, சீசன் தொடங்குமுன் ஓனர் அக்கா என் ஸ்டேட்டஸ் போட்டோவைப் பெரிதாக்கிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். ஆப்பிரிக்கன் பிரெய்ட்ஸ் போடப்படும் என்று கீழே எழுத்து. நான் அதற்கு முன்பே வேலையை விட்டிருந்தேன். அவரிடம் நேரில் போய்க் கேட்டேன். முகம் தெரியவில்லையே, பின்னல்தானே தெரிகிறது என்றார்.

டிரிம்மர்

முடி வெட்டிய அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை அபேனா தொப்பி போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அப்பா மறுநாள் கூட்டிப்போக வருகிறாராம். இந்தத் தலையோடு அவர் தன்னைப் பார்க்கக் கூடாது என்றாள்.

"எல்லாத்தையும் ஒரே அளவா எடுத்துருங்க ஆன்ட்டி."

மிச்சமிருந்ததை டிரிம்மரால் எடுத்தேன். அவள் அசையவில்லை. அன்று சுற்றிச் சுற்றி வகிடெடுத்த அதே தலை. செசிலி வாசல் வரைக்கும் வந்துவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போனாள்.

விடுதிக்குக் கொண்டுபோய்விட நடந்தோம். வழியில் பழக்கடையில் நின்றபோது அவளுக்குத் தொப்பி அரித்திருக்க வேண்டும், கழற்றினாள். கடைக்கார அம்மா நல்ல மனசுக்காரர். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பழனிக்கு முடி குடுத்தியா பாப்பா? நல்லாருக்கு. முருகன் நல்லது செய்வாரு." ஒரு பிளம்ஸ் பழத்தை எடுத்து அவள் கையில் வைத்தார்.

கொஞ்ச தூரம் வந்ததும் அபேனா அது என்ன என்று கேட்டாள். மலைக்குக் கீழே பழனியில் முருகன் கோயில் இருக்கிறது, வேண்டிக்கொண்டவர்கள் போய் முடி கொடுப்பார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் நின்றால், வேலை கிடைத்தால், அப்படி என்று சொன்னேன்.

"அவங்களே போய்க் குடுக்குறாங்களா?"

"ஆமா. அவங்களா ஆசைப்பட்டுக் குடுக்குறதுதான்."

பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தாள். பிறகு, "நான் குடுக்கலையே ஆன்ட்டி" என்றாள்.

விடுதி கேட் வரைக்கும் அவள் கூடவே நடந்தேன். மறுநாள் அவள் அப்பா வந்து டி.சி. வாங்கிக்கொண்டு கூட்டிப்போய்விட்டார்.

இப்போது நான் வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பின்னி விடுகிறேன், கற்றுக்கொடுக்கிறேன். எண்ணெய் வைக்காமல் இருப்பது, கையை மல்லாத்துவது, இறுக்காமல் இருப்பது எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிடும். நான் கற்றுக்கொண்ட பாடம் அதுவல்ல. பின்னி முடித்ததும் பிள்ளையைத் தனியாக அனுப்பிவிடாதீர்கள். அவள் போகிற இடத்துக்குக் கூடவே போங்கள். பள்ளிக்கூடமோ விடுதியோ, அங்கே பொறுப்பில் இருப்பவரைக் கூப்பிட்டு, இது பாசி, இது வாங்கிய முடி, இது இவளுடைய முடி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிவிட்டு வாருங்கள். அதனால் அவர்கள் வெட்டாமல் இருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. வெட்டிவிட்டு, தெரியாமல் செய்துவிட்டோம் என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான்.