சாய்ந்த குடம்

அந்த வருஷம் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் இரண்டு வேலை சொல்வேன். அச்சோவியம் போட்டேன், அச்சோவியம் சொல்லிக்கொடுத்தேன். ஒன்று எங்கே முடிந்தது, மற்றது எங்கே தொடங்கியது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தலை சுற்றும்.

லிங்கராஜபுரத்தில் ஒரு வீட்டின் கார் ஷெட்டை வாடகைக்கு எடுத்திருந்தேன். ஞாயிறு மதியம் ஆறு பேர் படிக்க வருவார்கள், எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களில் ஒரு அக்கா பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் பல்சக்கரங்களின் பிசிறைத் தேய்த்து எடுப்பவர். இரண்டு பஸ் மாறி வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடுவார். அச்சுக்குச் செதுக்கும் லினோலியம் தகட்டில் அவர் உளி வைத்தால் கோடு தயங்காது. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம். ஒருவர் செதுக்கும்போது சும்மா பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. “இப்படிக் குடுங்க” என்று உளியைப் பிடுங்கி அவர்கள் தகட்டிலேயே நாலு இழுப்பு இழுத்துவிடுவேன். பென்சில் கோடென்றால் அழிக்கலாம். செதுக்கியது போனது போனதுதான். இதற்குப் பெயர்தான் சொல்லிக்கொடுப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், புத்தி கெட்டவள்.

ஒரு மாதம் எல்லோரும், நானும் சேர்த்துத்தான், ஒரே காட்சியைச் செதுக்கினோம். ஷெட்டுக்கு எதிரே தெருக்குழாயடியில் வரிசை போட்டு நிற்கும் பிளாஸ்டிக் குடங்கள். தகட்டில் மை தடவி, தாளைப் போட்டு, மரக்கரண்டியின் முதுகால் தேய்த்து எடுத்த படங்களைக் கொடியில் கிளிப் மாட்டிக் காயவிட்டோம். அந்த வாரமே ஒரு கண்காட்சிக்கு நான் மூன்று படம் அனுப்ப வேண்டியிருந்தது. நாலு வருஷமாக இந்த ஊரில் ஒரு கேலரியும் என்னை உள்ளே விட்டதில்லை. அவசர அவசரமாகக் கொடியிலிருந்து என்னுடையவை என்று தோன்றிய மூன்றை உருவி, கீழே பென்சிலால் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

ஒன்று தேர்வானது. ஒரு குடம் மட்டும் வரிசையில் சாய்ந்து கிடக்கும் படம்.

“அந்தச் சாய்ஞ்ச குடம்தான் மேடம் படமே” என்றார் கேலரிக்காரர். இன்னும் ஐந்து பிரதி வேண்டுமாம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பிரதி எடுக்க என் தகடுகளைத் தேடி எடுத்தேன். எல்லாவற்றிலும் குடங்கள் நேராகவே நின்றன.

ஐயோ என்றிருந்தது. என் கோடு எனக்கே தெரியவில்லையா? கொடியில் மிச்சமிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாமே நான் போட்டது போலத்தான் இருந்தன. ஆறு பேர் தகட்டிலும் புகுந்து கலக்கியிருந்தேனே, வேறெப்படி இருக்கும்? மாணவர்கள் அலமாரியில் விட்டுப்போன தகடுகளைப் புரட்டினேன். சாய்ந்த குடம் இருந்த தகட்டின் பின்னால் அக்காவின் பெயர்.

கேலரிக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவமானமாக இருந்தது. “யாரு பேருன்னு சீக்கிரம் முடிவு பண்ணுங்க, பேரில்லாம மாட்ட முடியாது” என்று படத்தைக் கையில் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அக்காவின் எதிரிலேயே ரப்பரால் என் பெயரை அழித்து, பென்சிலை நீட்டினேன்.

“கையெழுத்துப் போடுங்கக்கா. இது உங்க படம். நான் தெரியாம என் பேரைப் போட்டு அனுப்பிட்டேன்.”

“ஹௌதா?” என்று, அப்படியா என்பதைக் கன்னடத்தில் கேட்டார். படத்தை வெகுநேரம் பார்த்தார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

“இது என்னுது இல்ல மிஸ்.”

“தகடு உங்களுதுதானே!”

“தகடு என்னுதுதான். நான் பென்சில்ல குடத்த நேராத்தான் போட்டிருந்தேன். நீங்கதான் உளிய வாங்கி அத சாய்ச்சுட்டீங்க. அன்னிக்கே இது நம்மளுது இல்லன்னு உட்டுட்டேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே அக்கா?”

“மிஸ் ஆச்சே நீங்க.”

கேலரிக்காரர் கொண்டாடியது என் குடத்தை. அப்படியானால் படம் என்னுடையதா? மற்ற அத்தனை கோடும் அவருடையது. அவரோ வேண்டாம் என்கிறார். அழித்த இடத்தில் திரும்ப என் பெயரை எழுதக் கை வரவில்லை. கண்காட்சி அந்தப் படம் இல்லாமலே தொடங்கியது. நான் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து அழுதேன், யாருக்காக என்றும் தெரியாமல்.

அடுத்த ஞாயிறு அக்கா வருவாரா என்று ஷெட் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார். புதுத் தகட்டில் அதே குழாயடி, அதே வரிசை. நான் பக்கத்தில் போனதும் உளியை என் கைக்கு எட்டாத பக்கம் மாற்றிக்கொண்டார்.

“பாத்துட்டு வாயால சொல்லுங்க மிஸ். உளி மட்டும் கேக்காதீங்க.”

விரல் துறுதுறுத்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அக்கா எல்லாக் குடத்தையும் நேராக நிறுத்தினார். அது நல்ல படமா என்று கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. சாய்ந்ததுதான் மேல் என்று இன்னும் தோன்றுகிறது, அப்படித் தோன்றுவதே தப்போ என்றும் தோன்றுகிறது. அவர் தாளை உரித்தெடுத்தார். கொடிக்குக் கொண்டுபோகவில்லை. மை காய்வதற்கு முன்பே பென்சிலை எடுத்துக் கீழே தன் பெயரை எழுதினார்.