அக்காவுக்குக் கட்டிய பேனர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் தம்பி எழுதுவது. அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மாமாதான் என்னை எழுதச் சொன்னார். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், மாமல்லபுரத்தில் ஆட்டோ ஓட்டுகிறவன், எனக்கு எழுத வராது என்றேன். "அந்தக் கேஸ் நேரத்துல அவ கூட இருந்தவன் நீதான்டா. நீயே எழுது" என்று சொல்லிவிட்டார். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊர் பெயர், கம்பெனி பெயர், அதிகாரிகள் பெயர் எதையும் நான் போடவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. இதை அச்சில் போடலாமா கூடாதா என்று தெரிந்த வக்கீலிடம் இரண்டு தரம் கேட்டுவிட்டேன். போடலாம் என்றுதான் சொன்னார். இருந்தாலும் பயமாகத்தான் இருக்கிறது.

அக்கா பிறந்தது மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் உள்ள எங்கள் ஊரில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அக்கா கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார். இரண்டு பிள்ளைகளில் ஒருவர் வேலைக்குப் போக வேண்டிய நிலை. நான் போகிறேன் என்றேன். ஊரில் எல்லோரும் அதைப் பெரிய தியாகமாகப் பேசினார்கள். அக்கா மட்டும் கடைசி வரைக்கும் என்னைக் கிண்டல் செய்தார். "தியாகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கணக்கு வாத்தியாருக்குப் பயந்து ஓடியாந்தவன் நீ."

அது உண்மைதான். எங்கள் வீட்டில் பயம் முழுவதும் எனக்கு வந்துவிட்டது, தைரியம் முழுவதும் அக்காவுக்குப் போய்விட்டது என்று அம்மா சொல்வார்.

பரீட்சை எழுதி, அரசாங்கத்துக்குச் சொந்தமான ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக அக்கா சேர்ந்தார். கடலோரத்தில் இறால் பண்ணைகள் நடத்துகிற கம்பெனி அது. படிப்படியாக உயர்ந்து, செங்கல்பட்டு அலுவலகத்தில் சட்டப் பிரிவுக் கண்காணிப்பாளர் ஆனார். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த மாமாவைக் கைப்பிடித்து அங்கேயே குடியானார். ஒரே மகளைப் பொத்தேரியில் உள்ள கல்லூரியில் படிக்க வைத்து நல்ல வேலைக்கு அனுப்பினார்.

அக்காவிடம் ஒரு பழக்கம். எதில் கையெழுத்துப் போடுவதாக இருந்தாலும் முழுவதும் படித்துவிட்டுத்தான் போடுவார். ஒரு நாள் கூரியர்காரர் வாசலில் வெயிலில் நின்றுகொண்டு கெஞ்சினார். "மேடம், உள்ள இருக்கறது வெறும் செருப்பு மேடம்." அக்கா கடைசி வரி வரை படித்து முடித்துத்தான் பேனாவைத் திறந்தார். மாமா உள்ளேயிருந்து, "கல்யாண ரிஜிஸ்டர்லயும் இப்படித்தான் படிச்சா. எனக்கு வேர்த்துப் போச்சு" என்றார்.

இந்தப் பழக்கம்தான் எங்களைப் பிற்பாடு நடுங்க வைத்தது.

எங்கள் ஊரை ஒட்டி அந்தக் கம்பெனிக்கு ஒரு பண்ணை உண்டு. கடல் தண்ணீரைக் குட்டைகளில் நிரப்பி இறால் வளர்ப்பார்கள். சில வருடங்களில் எங்கள் கிணறுகளில் உப்பு ஏறிவிட்டது. சோறு வடித்தால் மஞ்சளாகும், பருப்பு வேகாது. "நெம்மேலியில கடல் தண்ணிய நல்ல தண்ணியா மாத்தறான், உங்க ஊர்ல நல்ல தண்ணிய கடல் தண்ணியா மாத்தறான்" என்று மாமா சொல்வார். ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். மறியல் நடந்தது, பேப்பரில் வந்தது. உடனே கோட்டையிலிருந்து, கம்பெனிக்கு மேலே உள்ள துறை தலையிட்டது. இனிமேல் இந்த வழக்கில் நீதிமன்றத்துக்குப் போகும் ஒவ்வொரு தாளும் துறையின் பார்வைக்கு வந்துதான் போக வேண்டும் என்று உத்தரவு போட்டது. துறையைக் குறை சொல்ல முடியாது, கம்பெனிக்காரர்கள் அதற்கு முன்னால் ஏனோதானோவென்று பதில் கொடுத்து நீதிபதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று அக்காவே சொன்னார்.

இது நான் பிறந்த ஊர், இந்த வழக்கை வேறு ஆளுக்குக் கொடுங்கள் என்று அக்கா முதலிலேயே கேட்டார். அந்தத் தலைவலியை வாங்கிக்கொள்ள அலுவலகத்தில் வேறு யாரும் முன்வரவில்லை.

பதில் மனு கோட்டைக்குப் போய் ஒப்புதலோடு திரும்பி வந்தது. அக்கா அதைப் படித்தார். நடுவில், 'சட்டப் பிரிவுக் கண்காணிப்பாளர் கிணறுகளை நேரில் பார்வையிட்டார், தண்ணீர் குடிக்கத் தகுந்ததாக உள்ளது' என்று ஒரு வரி புதிதாக இருந்தது. யார் சேர்த்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. கீழே உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டியவர் அக்கா. மேலே ஒப்புதலான மனுவில் கீழே இருப்பவர்கள் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. மாற்றினால் மறுபடி முதலிலிருந்து படியேற வேண்டும். வாய்தாவோ நெருங்கிவிட்டது. மேலாண்மை இயக்குநர் கூப்பிட்டு, "துறையே பார்த்துட்டாங்கம்மா, நீங்க ஏன் யோசிக்கிறீங்க?" என்றாராம். "நான் இன்னும் பார்க்கலையே சார்" என்றாராம் அக்கா.

அலுவலகத்தில் சொல்லிவிட்டு அன்றைக்கே ஊருக்கு வந்தார். மாமல்லபுரம் பஸ் நிலையத்திலிருந்து நான்தான் ஆட்டோவில் அழைத்துப் போனேன். எங்கள் வீட்டைத் தாண்டும்போது நிறுத்தப் போனேன். "போடா. இன்னிக்கு உன் வூட்டுக்கு வரமாட்டேன், டீயும் வேணாம்" என்றார். ஒவ்வொரு கிணற்றடியிலும் இறங்கி, வாளி விட்டு, தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தார். அக்காவுக்கு ரத்த அழுத்தம். உப்பே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அக்கா, வாயில ஊத்திப் பாத்துட்டுத் துப்பிடுக்கா."

"குடிக்கத் தகுந்ததுன்னு எழுதிக் கீது. குடிச்சுத்தானடா பாக்கணும்."

ஊர் முழுக்கக் கூடிவிட்டது. யாரிடமும் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்துத் தெரு ஏழுமலை மட்டும் வாளியும் கையுமாக அக்கா குனிந்திருந்ததைப் போனில் படம் எடுத்தான். இளைஞர் மன்றத்தை நடத்துகிறவன், நல்ல பிள்ளைதான். அதை அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை.

மறுநாள், தண்ணீர் உப்புக் கரிக்கிறது, இந்த வரியோடு என்னால் உறுதி சொல்ல இயலாது என்று அக்கா எழுதிக் கொடுத்துவிட்டார். வேலை போய்விடும், ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்றெல்லாம் எனக்கு என்னென்னவோ தோன்றியது. சவாரி ஏற்றிக்கொண்டு போகும்போதே திருப்போரூர் முருகனை வேண்டிக்கொண்டேன். நான் பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டுத் துறை மனுவை அனுப்பியது. தண்ணீர்ப் பரிசோதனை முடியும் வரை கம்பெனி ஊருக்கு லாரியில் தண்ணீர் தர வேண்டும், குட்டையில் புதிதாகக் கடல் தண்ணீர் ஏற்றக் கூடாது என்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அப்பாடா என்று அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் காலையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்கள் ஊர் திரும்புகிற முனையில் ஆட்டோவை நிறுத்திவிட்டேன். கால் பிரேக்கிலேயே இருந்துவிட்டது. பெரிய பேனர். அதில் வாளியோடு அக்கா. 'உப்பை உலகுக்குக் காட்டிய எங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கோடான கோடி நன்றி.' கீழே வரிசையாக மன்றத்துப் பையன்கள், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, காதில் போன் வைத்துக்கொண்டு.

ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்தேன். ஏழுமலை வந்தான்.

"இன்னா அண்ணாத்த, உங்க அக்காவுக்கு வெச்சத நீயே அவுக்கிற?"

"டேய், அவங்க கம்பெனி ஆளுடா. எதிர்தரப்புடா. வேல பூடும்டா."

"நல்லது பண்ணவங்களுக்கு வெக்காம யாருக்கு வெக்கிறது? லைட்டு வேற போட்டுக் கீறோம், பாக்கலியா?"

அதற்குள் அந்தப் படம் போனுக்குப் போன் தாவிக் கம்பெனிக்கும் கோட்டைக்கும் போய்விட்டது. கம்பெனியின் சட்டப் பிரிவு ஆள் ஊர்க்காரர்களோடு கூட்டுச் சேர்ந்துகொண்டு வழக்கைக் கெடுத்துவிட்டார் என்று அக்காவுக்கு மெமோ வந்தது. துறையிலிருந்து துணைச் செயலாளர் ஒருவர் நேரில் விசாரிக்க வருவார், அக்கா ஊரில் ஆஜராக வேண்டும் என்றார்கள். ரிடையர் ஆக அதிக காலம் இல்லை. அந்த நேரத்தில் சஸ்பெண்ட் ஆனால் பென்ஷனும் நின்றுவிடும், பெயரும் கெட்டுவிடும். அந்த வாரம் மாமா கடையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா மட்டும் வழக்கம்போலப் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

விசாரணை அன்று காலையிலேயே முனைக்குப் போனேன். பழைய பேனர் இருக்கிறதா என்று பார்க்கத்தான். பழையது இல்லை. அந்த இடத்தில் புதிதாக ஒன்று. 'விசாரணைக்கு வருகை தரும் துணைச் செயலாளர் ஐயா அவர்களே, வருக, வருக!'

அவிழ்க்கலாம் என்று கம்பத்தில் ஏறினேன். பாதியில் அரசாங்கக் கார் வந்து நின்றுவிட்டது. நான் கம்பத்தோடு கம்பமாக அப்படியே இருந்தேன். அக்கா ஏற்கெனவே பஸ்ஸில் வந்து, கைப்பையோடு ஓரமாக நின்றிருந்தார்.

துணைச் செயலாளர் இறங்கி அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"யாருப்பா இது?"

"நாங்கதான் சார்" என்று ஏழுமலை முன்னால் வந்தான். "உங்க போட்டோ கிடைக்கல சார். அதான் கும்புடுற கை போட்டுட்டோம்."

"யார் வைக்கச் சொன்னது?"

"யார் சொல்லணும் சார்? ஊருக்கு யார் வந்தாலும் வெப்போம். டிரான்ஸ்பார்மர் மாத்த வந்த லைன்மேனுக்கே வெச்சோம்."

"அவர் கேட்டாரா?"

"அவருக்குத் தெரியவே தெரியாது சார். பாத்துட்டு பேஜாராயி, ஏணிய உட்டுட்டே ஓடிட்டாரு."

டிரைவர் சிரித்துவிட்டார். துணைச் செயலாளர் சிரிக்கவில்லை. அக்கா பக்கம் திரும்பினார்.

"அப்ப நானும் எதிர்தரப்போட கூட்டுன்னு எழுதிக்கணும் போலிருக்கே மேடம்?"

"பேரு போடலை சார். பதவி மட்டும்தான் போட்டிருக்காங்க" என்றார் அக்கா. அதையும் முழுவதும் படித்திருக்கிறார்.

அப்புறம்தான் அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டார். விருந்தாளி என்று கேன் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அதை வேண்டாம் என்று சொல்லி, கிணற்றுக்குப் போய் ஒரு வாய் குடித்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். காருக்குத் திரும்பினார். ஏறும்போது என்னைப் பார்த்து, "நீங்க இறங்கலாம்" என்றார்.

மெமோ கைவிடப்பட்டது. ஆனால் அக்காவைச் சட்டப் பிரிவிலிருந்து எடுத்து, பேப்பர், பேனா கொடுக்கிற பிரிவில் போட்டார்கள். அக்கா அதையும் குறை சொல்லவில்லை. அங்கிருந்தே ரிடையர் ஆனார். பென்ஷன் உத்தரவு கைக்கு வரும் வரை, தபால்காரர் எதிரில் வந்தால் நான் ஆட்டோவை வேறு தெருவில் திருப்பிவிடுவேன்.

அதன் பிறகு அக்கா நிம்மதியாக இருந்தது கொஞ்ச காலம்தான். இதயம் பலவீனமாகிவிட்டது. செங்கல்பட்டு மருத்துவமனையில் இருந்தபோது நான்தான் பெரும்பாலும் கூட இருந்தேன். ஒரு நாள் மத்தியானம் ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். "கேஸ் இன்னா ஆச்சுடா?" என்று கேட்டார். வாய்தா போட்டிருக்கிறது என்றேன். அந்த விசாரணைப் பேச்சு வந்தது. "உனக்குக் கொஞ்சம்கூடப் பயமே இல்லியாக்கா?" என்று கேட்டேன்.

"பயம் இல்லாமயா? அந்த ஆள் கேள்வி கேக்கும்போது எனக்கு ரெண்டு காலும் உதறிச்சு. புடவை ஆடறது தெரிஞ்சிடப் போகுதுன்னு கைப்பைய முன்னால இறக்கிப் புடிச்சிகினு நின்னேன்." பிறகு, "நீ கம்பத்துல தொங்கிகினு இருந்தியா, உன்னப் பாத்துச் சிரிப்பு வந்துடும்னு வேற பயம்" என்றார்.

இத்தனை வருடமாகத் தைரியம் முழுவதும் அக்காவுக்குப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இருந்தது அவருக்கும் இருந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டேதான் அத்தனையும் செய்திருக்கிறார். சில நாட்களில் அக்கா கண்ணை மூடிவிட்டார்.

அக்காவைத் தாங்கிப் பிடித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரவு பகல் பாராமல் வந்து நின்ற மாமாவின் கடைப் பக்கத்து நண்பர்களுக்கும், இறுதிப் பயணத்துக்கு வந்து ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டுப் போன அக்காவின் அலுவலகத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்த அலுவலகத்தார் பெயர்களைப் போடாததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும்.

அக்கா இறந்த அன்றைக்கே ஏழுமலை வந்து, "அண்ணாத்த, கண்ணீர் அஞ்சலி பேனர் வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்று காலில் விழாத குறையாகச் சொல்லிவிட்டேன். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு மறுபடியும் வந்து கேட்டான். வழக்கு அடுத்த மாதம் வருகிறது. கம்பெனி பார்க்கும், துறை பார்க்கும், என்ன நினைப்பார்களோ என்று மாமாவிடம் புலம்பினேன். அக்காவின் கைப்பை ஆணியில் மாட்டியிருந்தது. மாமா அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்து, வைத்துக்கொள் என்று ஏழுமலையிடம் சொன்னேன். எந்தப் படம் என்று கேட்டான். வாளியோடு இருக்கிற படம் என்றேன். என்ன எழுதப் போகிறான் என்பதை முதலில் கொண்டுவந்து காட்டச் சொல்லி, முழுவதும் படித்தேன்.

நினைவு நாளன்று காலையில் முனையில் அதைக் கட்டப் போகிறார்கள். வருகிறவர்கள் பார்க்கலாம். கம்பத்தில் ஏறிக் கயிறு கட்டுகிறவன் நான்தான். கால் உதறும், தெரிந்ததுதான். நீங்கள் கண்டுகொள்ளாதீர்கள்.