நாத்தனாருக்கு நாஞ்சில் நாட்டைக் காட்டிய கதை

வெள்ளிக்கிழமை இரவு ஏழரை மணிக்கு ஈரோட்டிலிருந்து பஸ் புறப்பட்டது. "அரண்மனை, கோட்டை, தோட்டம், கடலோரக் கிராமம் – இரண்டு நாள் இன்பச் சுற்றுலா" என்று நோட்டீசில் போட்டிருந்தார்கள். சாப்பாடு, தங்குமிடம், வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஐயாயிரத்து எண்ணூறு ரூபாய். குளிர்சாதன பஸ், சாய்ந்துகொள்ளும் இருக்கை. ஜன்னலோரத்தில் என் நாத்தனார் ருக்மணி அண்ணி, பக்கத்தில் நான். என் வீட்டுக்காரருக்கு அவர் மூத்த அக்கா. குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

வேடிக்கை என்னவென்றால், போகிற இடம் நான் பிறந்த மாவட்டம். நாகர்கோவில் வடசேரியில் பிறந்து, ஈரோட்டில் வாழ்க்கைப்பட்டு முப்பது வருஷமாகிறது. சொந்த ஊரைக் காசு கொடுத்துச் சுற்றிப் பார்க்கிற கூத்து யாருக்கு வாய்க்கும்? அதைவிடக் கூத்து, பத்மநாபபுரம் அரண்மனையைப் பள்ளிக்கூடத்தில் ஒருமுறை வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்டியதோடு சரி. வட்டக்கோட்டையை நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் ஈரோட்டில் முப்பது வருஷமாக இரண்டையும் நானே கட்டியது போலப் பீற்றிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பயணத்துக்கு ஒரு காரணம் உண்டு. அண்ணியின் ஒரே மகன் கார்த்தி, கோயம்புத்தூரில் தன்னோடு வேலை பார்க்கும் சுபாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான். பெண்ணுக்கு ஊர் தோவாளை, அப்பாவுக்குப் பூ வியாபாரம். ஜாதகம், சாதி சனம் என்று வந்த தடைகளையெல்லாம் என் வீட்டுக்காரர் பேசிப் பேசியே கரைத்துவிட்டார். கரையாமல் நின்றது ஒன்றுதான், ஊர். "அந்த ஊர்ப் பொண்ணு நம்ம குடும்பத்துக்கு ஒண்ணு போதும்" என்று அண்ணி கூடத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அந்த ஒண்ணு, காப்பித் தட்டோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. காப்பியை மட்டும் சிந்தாமல் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் கார்த்தி போன் செய்தான். "அத்தை, அம்மாவ ஒரு தடவை உங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க. பாத்துட்டாங்கன்னா மனசு மாறிடும்."

அவனுக்கென்ன, சொல்லிவிட்டான். உருளப்போவது என் தலை அல்லவா! எதற்கும் இருக்கட்டும் என்று வழிகாட்டி ஜெபினுக்கு முன்கூட்டியே போன் போட்டு, அண்ணிக்கு வாடை ஆகாது, சமையலுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், கடலை எண்ணெய் போதும் என்று கேட்டுக்கொண்டேன். "மேடம், கடலை எண்ணெயில வச்சா அதுக்குப் பேரு அவியல் இல்ல, பாத்துகிடுங்க" என்றான். எனக்கும் அது தெரியாதா என்ன?

சனிக்கிழமை விடியும் நேரத்தில் ஆரல்வாய்மொழி. இரண்டு பக்கமும் மலை, நடுவே கணவாய், அதன் வழியே பிய்த்துக்கொண்டு வரும் காற்று. அத்தனை பெரிய பஸ்ஸே லேசாக ஆடியது. வெள்ளைக் காற்றாலைகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சுற்றிக்கொண்டிருந்தன. கணவாயைத் தாண்டியதும் மண்ணின் நிறமே மாறிவிடுகிறது. வயல், வாழை, தாமரைக்குளம், மறுபடி வயல். காய்ந்த பூமியைப் பார்த்து வந்த கண்ணுக்கு அது விருந்து. பஸ்ஸில் பலரும் "அடேயப்பா" என்று எழுந்து நின்றே விட்டார்கள்.

"பாத்தீங்களா அண்ணி?" என்றேன்.

"காத்தாடிதானே அம்மிணி. நம்ம பல்லடத்துல நிக்காததா?" என்று அண்ணி ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

நாகர்கோவிலில் அறை எடுத்துக் குளித்துவிட்டு ஒன்பதரைக்கெல்லாம் பத்மநாபபுரம் போய்ச் சேர்ந்தோம். தக்கலைக்குப் பக்கம், நாகர்கோவிலிலிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டர். இடம் தமிழ்நாடு, அரண்மனையின் பராமரிப்பு கேரள அரசு. திங்கட்கிழமை விடுமுறை என்பதைப் போக நினைப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

"செருப்ப எல்லாரும் இங்கயே கழத்திப் போடுங்க. வெறுங்கால்ல நடந்தாத்தான் இந்தத் தரையோட சொகம் தெரியும், கேட்டியளா" என்றான் ஜெபின்.

பொய்யில்லை. கொட்டாங்குச்சிக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு என்று என்னென்னவோ சேர்த்து இழைத்த கறுப்புத் தரை. முகம் தெரிகிறது. உள்ளங்காலில் சில்லென்று ஏறுகிறது. மேலே பார்த்தால் மரக்கூரையில் பூவுக்குப் பூ வேறுபட்ட செதுக்கல். ஒற்றைப் பலாமரத்தில் கடைந்த தூணைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக வந்தபோது இந்தத் தூணில் சாய்ந்துகொண்டு கடலை மிட்டாய் தின்றது மட்டும்தான் நினைவில் இருந்தது. இவ்வளவு அழகைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஒன்றுமே பாராமல் வளர்ந்திருக்கிறேனே என்று வெட்கமாகக்கூட இருந்தது. கல்லில் கட்டினால்தான் அரண்மனை என்று நினைப்பவர்கள் ஒருமுறை இங்கே வரவேண்டும்.

அண்ணி குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார். "இத்தனையத் தொடச்சு வெக்கிறதுக்கு எத்தனை பேரு வேணும்?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஊட்டுபுரைக்கு வந்தோம். ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே நேரத்தில் இலை போட்ட கூடம் அது. அங்கே ஆளுயர ஊறுகாய்ச் சாடிகளைக் கண்டு அண்ணி நின்றுவிட்டார். எங்கள் குடும்பத்தில் ஊறுகாய் அவர் துறை. "போட்டா இப்படிப் போடோணும்" என்று முணுமுணுத்தார். முதல் மார்க் விழுந்துவிட்டது என்று கார்த்திக்குச் செய்தி அனுப்பினேன்.

அடுத்து உதயகிரிக் கோட்டை. அரண்மனையிலிருந்து கூப்பிடு தூரம். கற்சுவருக்குள் இப்போது மூலிகைத் தோட்டமும் மரங்களும் மான்களும். திருவிதாங்கூர்ப் படையிடம் தோற்று, பிறகு அந்தப் படைக்கே தளபதியான டச்சுக்காரர் ஒருவரின் கல்லறையும் உள்ளே இருக்கிறது. சண்டை போட வந்த ஊரிலேயே தங்கிப்போனவர். நான் கொஞ்சநேரம் அங்கே நின்றேன்.

மதியச் சாப்பாடு தக்கலையில், தலைவாழை இலையில். நான் பயந்துகொண்டிருந்த இடம் இதுதான். என் கல்யாணத்தன்று எங்கள் வழக்கப்படி பாயசத்தை இலையிலேயே ஊற்றி, பப்படத்தை நொறுக்கி, மட்டி வாழைப்பழத்தைப் பிசைந்து எல்லாரும் உறிஞ்சியதைக் கண்டு, அண்ணி பாதியில் எழுந்து கைகழுவிவிட்டார். அந்தக் கதையைக் குடும்பத்தின் எல்லா விசேஷத்திலும் மோருக்கு முன் பரிமாறுவார்கள். இன்றும் பிரதமன் என்கிற எங்கள் ஊர்ப் பாயசம் வந்தது. நான் நல்ல பிள்ளையாகக் கிண்ணம் கேட்டு வாங்கி, ஸ்பூனால் குடித்தேன். நாஞ்சில் நாட்டில் பிறந்தவள் பிரதமனை ஸ்பூனால் குடித்ததைப் பார்த்து, பரிமாற வந்தவர் என்னை நோயாளி என்றே நினைத்திருப்பார்.

பிற்பகல் மூன்றரை, குளச்சல். எனக்கு இந்த இடம் பயணத்திட்டத்தில் இருப்பதே பிடிக்கவில்லை. மீன் வாடை ஒன்றே போதுமே, எல்லாம் கெட! ஆனால் இறங்கியதும் மனசு துள்ளியது. பச்சையும் நீலமும் பூசிய படகுகள், ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு புனிதரின் பெயர். மணலில் குவியல் குவியலாக மீன். ஏலம் போடுகிறவர் மூச்சு விடாமல் விலையைப் பாட்டுப் போல ஏற்றிக்கொண்டே போனார். மறுநாள் ஞாயிறு, யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள் என்பதால் கூட்டம் அள்ளியது.

அண்ணி முந்தானையால் மூக்கை இறுக்கப் பொத்திக்கொண்டு, குவியலுக்குக் குவியல் எட்டிக் குதித்து வந்தார். கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, இஞ்ச பாருங்க! மூக்கப் பொத்திக்கிட்டு மீனு பாக்க வந்திருக்கா பாண்டிக்காரி!"

சுற்றியிருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஆரல்வாய்மொழிக்கு அப்பால் உள்ளவர்கள் எல்லாரும் இங்கே பாண்டிக்காரர்கள்தான். அண்ணியின் முகம் சுருங்கிப்போயிற்று. எந்தச் சபையிலும் தலை நிமிர்ந்தே இருக்கிறவர், என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். முதல்நாள் இரவிலிருந்து அடக்கி வைத்திருந்த என் நாக்கு பிய்த்துக்கொண்டது.

"எக்கா! எங்க மைனியப் பாத்தா ஒமக்குக் கேலியாட்டா இருக்கு? கடலே இல்லாத ஊருலேர்ந்து வந்திருக்காவ. எங்க ஊரு மஞ்ச மண்டியில வந்து ஒரு நிமிசம் நின்னு பாரும். தும்மித் தும்மிக் கண்ணு ரெண்டும் பிதுங்கலன்னா என் பேரு பகவதி இல்ல!"

அந்த அக்கா வாயில் கை வைத்தார். "எம்மா மாதாவே! நீ நம்ம நாட்டுக்காரியா? பெறவு என்னத்துக்கு மக்கா இவ்வளவு நேரமும் வாய்க்குள்ள கொழுக்கட்டைய வச்ச மாதிரி நின்ன?"

"கெட்டிக் குடுத்தா அப்படித்தான் நிக்கணும். ஒம்ம மருமவ நிக்கலியா?"

"அவளா? அவ நிக்க மாட்டா. என்னையில்லா நிக்க வைக்கா!"

அப்புறம் என்ன, பத்து நிமிஷம் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். வடசேரியில் எந்தத் தெரு, எந்தப் பள்ளிக்கூடம், சாளை மீன் இந்த வருஷம் எப்படி என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தபோது அண்ணி மூக்கிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டு, என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். மீன் நாற்றம், பாண்டிக்காரி என்ற பட்டம், போதாக்குறைக்கு மருமகள் மணலில் உட்கார்ந்து கும்மாளம். முடிந்தது கதை. கார்த்திக்கு என்ன சொல்லி அனுப்புவது?

அங்கிருந்து போன முட்டம் கடற்கரையில் செம்மண் மேடும், கறுத்த பாறைகளும், அவற்றில் மோதித் தெறிக்கும் அலையும் சேர்ந்து கண்ணைப் பறித்தன. சூரியன் இறங்கும்போது கடல் முழுக்கச் செம்பு உருக்கி ஊற்றியது போலிருந்தது. எல்லாரும் படம் எடுத்துத் தள்ளினார்கள். நான் மட்டும் பாறையில் சுரத்தில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அண்ணி அன்று முழுவதும் அதன்பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கன்னியாகுமரியில் சூர்யோதயம் பார்த்துவிட்டு, ஆறேழு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வட்டக்கோட்டைக்குப் போனோம். பெயர்தான் வட்டம், கோட்டை என்னவோ சதுரமாகத்தான் இருக்கிறது. கருங்கல் மதில் நேரே கடலுக்குள் இறங்குகிறது. சரிவுப் பாதையில் ஏறி மேலே நின்றால், ஒரு பக்கம் கரைகாணாத கடல், மறுபக்கம் தென்னந்தோப்புகளுக்குப் பின்னால் மலைத்தொடர். ஒரே இடத்தில் நின்று கடலையும் மலையையும் இப்படிப் பார்க்க இன்னொரு இடம் இருக்கிறதா, எனக்குத் தெரியாது. புல்வெளியில் வேப்பமர நிழல், உப்புக் காற்று. முப்பது வருஷம் பீற்றியது வீண் போகவில்லை, உள்ளது அதைவிட ஒரு படி மேல். அண்ணி மதில் ஓரமாகத் தனியே நின்று நெடுநேரம் கடலைப் பார்த்தார். நான் பக்கத்தில் போகவில்லை.

பதினொரு மணிக்குத் திரும்பும் வழியில் தோவாளை. ஜெபின் அரைமணி நேரம் கொடுத்தான். வண்டியிலிருந்து இறங்குமுன்பே வாசனை ஆளைத் தூக்கியது. பிச்சி, மல்லி, அரளி, தாமரை, மரிக்கொழுந்து. சாக்குச் சாக்காகக் கொட்டிக் கிடக்கிற பூவுக்கு நடுவே நடக்கவே கால் கூசியது. தோட்டம் என்று நோட்டீசில் போட்டிருந்தது இதைத்தான் போலும்.

அண்ணி ஒரு கடையில் நின்று பிச்சிப்பூவை முழம் போட்டு வாங்கினார். ஒரு துண்டைக் கிள்ளி என்னைத் திருப்பி நிறுத்தி என் தலையில் வைத்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் எனக்குப் பூ வைத்தது அதுதான் முதல்முறை.

"ஏம்மிணி, அந்த மீன்காரம்மாகிட்டப் பேசினியே, அந்தப் பேச்ச நம்ம வீட்டுல ஒருநாளாச்சும் பேசியிருக்கறியா?"

நான் தலையில் இருந்த பூவைத் தொட்டுச் சரிசெய்தேன்.

"நீ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல பகவதி. சிரிக்கத் தெரியாத பொண்ணுன்னு நெனச்சிருந்தேன். அங்கயும் சண்டை போடறப்ப 'எங்க ஊரு மஞ்ச மண்டி'ங்கற. நாங்க முப்பது வருசமா உம்பட ஊர ஒரு வார்த்தை அப்படிச் சொன்னதில்லயே."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி…"

"பேசாத. ஒண்ணு போதும்னு சொன்னேன். ஒத்தையா இருந்திருக்கியே, அது எனக்குத் தோணல. பேச்சுத் துணைக்கு இன்னொருத்தி வரட்டும்."

அவர் மிச்சப் பூவை இலையில் பொதிந்து கையில் பத்திரமாக வைத்துக்கொண்டு கேட்டார்: "சுபா லீவுல வந்திருக்காளாமா. ஊடு எந்தப் பக்கம்?"

"இன்னிக்கா? சொல்லாம கொள்ளாம எப்படி அண்ணி போறது? ஆம்பளைங்க யாரும் கூட இல்லையே!"

"பூ வாடறதுக்குள்ள போகோணும். ஆம்பளைங்க வந்தா மெதுவா வரட்டும்."

அதற்குள் பஸ் ஹாரன் அடித்தது. ஜெபின் ஓடி வந்தான். "மேடம், எல்லாரும் ஏறியாச்சு. திருநெல்வேலியில சாப்பாடு சொல்லியிருக்கு, வாங்க."

"எங்க பையை எறக்கி வெச்சிட்டு நீங்க போங்க தம்பி" என்றார் அண்ணி. "நாங்க இங்கயே சாப்பிட்டுக்கறோம். பாயசத்த எலையிலயே ஊத்தச் சொல்லு பகவதி."