வேப்பமரத்தடியும் அப்பாவின் கரி வாளியும்

அப்பாவின் முதலாண்டு நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சித்தப்பா கேட்டார். "அழுதுக்கிட்டே எழுதாதம்மா. பெருமையா எழுது" என்றும் சொன்னார். அழவில்லை சித்தப்பா. ஆனால் பெருமையாக மட்டும் எழுதவும் எனக்கு வரவில்லை. இந்த ஓராண்டில் எனக்குள் துக்கத்தைவிட எரிச்சலே அதிகம் இருந்தது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா பிறந்தது திருச்சி உறையூரில். தாத்தாவுக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. நான்கு பிள்ளைகளில் அப்பாதான் மூத்தவர். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தும் உருப்படியான வேலை அமையாமல் ஆறேழு ஆண்டுகள் அலைந்தார். அத்தையின் கல்யாணத்தை முடித்த கையோடு துபாய்க்கு விமானம் ஏறினார். அங்கே ஒரு தோட்டப் பராமரிப்பு நிறுவனத்தில் செடிகளுக்குத் தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலை. சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் எட்டுப் பேர் தங்கிய அறையில் பல வருடங்கள் ஓட்டினார். பிறகு சூப்பர்வைசராகி, ஃபேமிலி விசா எடுத்து, அம்மாவையும் என்னையும் தம்பியையும் ஷார்ஜாவுக்கு அழைத்துக்கொண்டபோது நான் ஏழாம் வகுப்பு.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரேன் நிற்கும். ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் அப்பா மட்டும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஃப்ளாட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பொதுப் பூங்கா. அதற்குத் தண்ணீர் விடும் பொறுப்பு அப்பாவின் நிறுவனத்துக்கு வந்தது. பூங்காவின் ஓரத்தில் ஐந்து வேப்பங்கன்றுகளை அப்பாவே குழி தோண்டி நட்டார். மூன்றே கோடையில் அவற்றின் அடியில் பாய் விரித்து உட்காரும் அளவுக்கு நிழல் வந்துவிட்டது.

நிழல் வந்ததும் எங்கள் வெள்ளிக்கிழமைகள் கெட்டுப்போயின.

வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். குளிர்காலம் வந்தால் வெள்ளிக்கிழமைதோறும் குடும்பம் குடும்பமாகப் பூங்காவுக்குப் போய், கரி அடுப்பு மூட்டி, மசாலா தடவிய கோழியைச் சுட்டுச் சாப்பிடுவோம். பொழுது சாய்ந்ததும் பாயைச் சுருட்டுவார்கள். அடுப்பில் கனன்றுகொண்டிருக்கும் கரியை எங்கே போடுவது? புல்லில் போட்டால் காவலாளி சத்தம் போடுவார். மரத்தடியில் மண் தெரிகிறது அல்லவா, அங்கே கொட்டி, அதன்மேல் ஒரு பாட்டில் தண்ணீரையும் ஊற்றிவிட்டுத் திருப்தியாகக் கிளம்புவார்கள். மற்ற நாட்டுக்காரர்களும் கொட்டத்தான் செய்தார்கள். ஆனால் மரத்துக்கு நல்லது செய்துவிட்ட முகத்தோடு எழுந்து போனவர்கள் நம்மவர்கள்தான்.

அப்பா ஒரு இரும்பு வாளிக்கு மூடி அடித்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் மாலை அஸர் தொழுகை முடிந்து பூங்காவில் கூட்டம் சேர்ந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு பாய் பாயாகப் போவார். டூட்டி இல்லாத நாளில், யாரும் சொல்லாமல், தாமாகவே. ஒரு முறை நடந்த பேச்சு அப்படியே நினைவில் இருக்கிறது.

"சார், அந்தக் கரிய இந்த வாளியில போட்டுருங்களேன்."

"அணைச்சாச்சு சார். தண்ணி ஊத்திட்டோம்ல? மரத்துக்குத் தண்ணி ஊத்துனா புண்ணியம்தானே!"

"மேலதான் அணைஞ்சிருக்கு. அடியில கனல் அப்படியே இருக்கு. வேர் வெந்துரும் சார்."

"பாலைவனத்து வெயில்லயே நிக்குற மரம் சார் இது. நாலு துண்டு கரிக்கா சாகப்போகுது?"

அந்த மரம்தான் முதலில் செத்தது. உடனே சாகவில்லை. ஒரு பக்கத்து இலை பழுத்து, அந்தப் பக்கம் முழுக்கக் காய்ந்து, ஆறேழு மாதம் இழுத்துக்கொண்டு கிடந்தது. அப்பா மேனேஜரிடம் போய் நின்றார். "கலாஸ், முடிஞ்சுது, வேற மரம் வெச்சுக்கலாம்" என்று அவர் கையை உதறிவிட்டாராம். அன்று அப்பா இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அம்மாவின் நிலைமையையும் சொல்ல வேண்டும். "ஊரே வெள்ளிக்கிழமை மாலுக்குப் போகுது. எனக்கு மட்டும் கரி வாளி" என்று புலம்பாத வாரம் கிடையாது. சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூ கேட்டாலும், கிளையைத் தொட விடமாட்டார் அப்பா. முந்தின நாளே மரத்தடியில் வேட்டியை விரித்து, அதில் உதிர்ந்ததைத்தான் கொண்டுவருவார். அம்மா அதை மூன்று தடவை அலசிவிட்டு, "உங்க மரத்துல பூவை விட மண்ணு ஜாஸ்தி" என்பார்.

என் பங்குக்கு நான் செய்தது இதைவிட மோசம். ஒன்பதாம் வகுப்பில் என்னோடு படித்த இரண்டு பெண்கள் ஒரு வெள்ளிக்கிழமை அதே பூங்காவுக்கு வந்திருந்தார்கள். அப்பா சட்டையெல்லாம் சாம்பலாக, வாளியோடு ஒரு பாயின் முன்னால் குனிந்து நின்றார். "ஹேய், அது உங்க டாடியா? பார்க் க்ளீனரா?" என்று ஒருத்தி கேட்டாள். "ச்சே, எங்க பில்டிங் அங்கிள்" என்றேன். அப்பாவின் காதில் விழுந்ததா என்று கடைசி வரை தெரியாது. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து அவர் என்னைக் கூப்பிடவில்லை.

கரி போடுவதற்கென்று ஒரு டிரம் வைக்கும்படி அப்பா நகராட்சிக்கு மூன்று ஆண்டுகள் எழுதிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்று வந்தது. அப்பாவே பெயின்ட் அடித்து, தமிழ் உட்பட நான்கு மொழிகளில் "கரி மட்டும்" என்று எழுதினார். நம் மக்கள் அதில் காகிதத் தட்டு, குழந்தையின் டயப்பர், கோழி எலும்பு எல்லாம் போட்டார்கள். ஒரு நாள் யாரோ உண்மையிலேயே கரியைப் போட, டிரம் பற்றி எரிந்து தீயணைப்பு வண்டி வந்தது. மறுநாள் டிரம்மை எடுத்துவிட்டார்கள். அப்பா மறுபடி வாளியைத் தூக்கிக்கொண்டார்.

நான் ஊரில் பி.காம். முடித்துவிட்டு வேலைக்காக ஷார்ஜா திரும்பியபோது ஐந்தில் ஒரு வேப்பமரம்தான் மிச்சம். அப்பாவுக்கும் இதயம் பழுதாகியிருந்தது. சென்ற ஆண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, மருந்துச் சீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "இந்த வெள்ளிக்கிழமை வாளிய யாரு எடுத்துட்டுப் போவா?" என்றுதான் கேட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை அப்பாவைப் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. எங்களுக்கு மிகவும் வேண்டியவர்கள். பெயர் எழுதவில்லை. இந்த மலர் அவர்கள் கைக்கும் போகும். நான் அங்கிள் என்று கூப்பிடும் அந்தப் பெரியவர் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, "நேரா பார்க்லேருந்துதான் சார் வர்றோம். உங்க ஞாபகமா உங்க மரத்தடியிலதான் உக்காந்தோம். கரியெல்லாம் அங்கயே கொட்டி, ஒரு கேன் தண்ணி ஊத்தி, ஜம்முனு அணைச்சுட்டு வந்தோம்" என்றார்.

அப்பா சிரித்து, கைகூப்பி, அவர்களை அனுப்பிவைத்தார். அவர்கள் தலை மறைந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு எட்டு போய் அள்ளிட்டு வந்துரும்மா. சீக்கிரம் அள்ளிட்டா பொழச்சுக்கும். வாளி பால்கனியில இருக்கு."

"சரிப்பா."

டாக்சியில் கால் மணி நேரம்தான். நான் போகவில்லை. மூக்கில் குழாய் செருகியிருக்கும்போதும் இந்த மனிதருக்கு மரம்தானா, நாங்கள் யாரும் கண்ணில் படவில்லையா என்று அத்தனை கோபம். நேராக வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். மறுநாள் காலை போனதும் முதல் கேள்வி, "அள்ளிட்டியா?"

"அள்ளிட்டேன்பா. மரத்துக்கு ஒண்ணும் ஆகல."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அன்று நிம்மதியாகத் தூங்கினார் என்று நர்ஸ் சொன்னார். மூன்றாம் நாள் எங்களை விட்டுப் போய்விட்டார்.

காரியங்கள் முடிந்து ஷார்ஜா திரும்பியதும் பூங்காவுக்குப் போனேன். அப்பாவோடு பல வருடம் வேலை பார்த்த தோட்டக்காரர் ரஹீம் பாய், மரத்தடியில் ஹோஸ் பைப்போடு நின்றிருந்தார். அந்த வாரம் சனிக்கிழமை மதியம் டூட்டிக்கு வந்தவர்தான் கரியைப் பார்த்து அள்ளியிருக்கிறார். அப்போதும் அடி மண் கையைச் சுட்டதாம். "பஹுத் லேட் ஹோ கயா, பேட்டி" என்றார். மிகவும் தாமதமாகிவிட்டது மகளே என்று அவர் கரியைத்தான் சொன்னார். மரத்தின் ஒரு பக்கம் பழுத்திருந்தது.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு வருகிறேன். கடைசி நாட்களில் அப்பாவைத் தம் தகப்பனைப் போலப் பார்த்துக்கொண்ட மலையாள நர்ஸ் சகோதரிகளுக்கும், டூட்டி முடிந்த களைப்போடு கம்பெனி பஸ்ஸில் வந்து அப்பாவின் முகம் பார்த்துப் போன சோனாப்பூர் கேம்ப் நண்பர்களுக்கும், ரஹீம் பாய்க்கும், ஊரில் எல்லாவற்றையும் முன்னின்று நடத்திய சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

இன்னொருவர் இருக்கிறார். அப்பாவின் உடலை ஊருக்கு அனுப்ப ஆஸ்பத்திரி, போலீஸ், தூதரகம், கார்கோ என்று தம் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மூன்று நாள் ஓடியவர். விமான நிலையத்தில் பெட்டி உள்ளே போகும்வரை நின்று அழுதவர். அதே அங்கிள்தான். அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வது, எப்படிக் கோபப்படுவது என்று ஓராண்டாகத் தெரியவில்லை. கரியைக் கொட்டியவர் அவர். அள்ளாமல் விட்டுவிட்டு, அள்ளிவிட்டதாகச் சாகக் கிடந்தவரிடம் பொய் சொன்னவள் நான். என்மீது வராத கோபத்தை அவர்மீது காட்ட எனக்கு உரிமை இல்லை.

இந்தச் சித்திரையில் மரம் பாதிதான் பூத்தது. அந்தப் பாதியிலிருந்து உதிர்ந்ததை வேட்டி விரித்து எடுத்து அம்மா பச்சடி வைத்தார். மண் இருந்தது. அம்மா இந்த முறை ஒரே தடவைதான் அலசியிருந்தார்.

நினைவு நாளையொட்டி வரும் வெள்ளிக்கிழமை நாங்கள் அந்த மரத்தடியில் இருப்போம். ஷார்ஜாவில் இருக்கும் எல்லோரும் வாருங்கள். அங்கிளும் குடும்பத்தோடு கட்டாயம் வர வேண்டும். அடுப்பு மூட்டுங்கள், வயிறாரச் சாப்பிடுங்கள். பொழுது சாய்ந்ததும் நான் வாளியோடு ஒவ்வொரு பாயாக வருவேன். யாராவது கேட்டால், நான் அவருடைய மகள் என்று சொல்லுங்கள்.

மகள்