முன்னால் இழுக்கும் வண்டி

மூன்றாவது முறையும் முன்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுற்றின. சேறு கதவுவரை தெறித்தது. வண்டி ஓரடி ஏறியது, நின்றது, இரண்டடி இறங்கியது. குப்பண்ணன் பிரேக்கை மிதித்துக்கொண்டு மழைக்குள் பார்த்தார். மேட்டின் தலையில், சித்திரபுரம் மின்சார வாரியக் குடியிருப்பின் நான்காம் வீட்டு வாசலில், ஒருவர் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் இதே மாதிரி இன்னொரு சின்ன வண்டி. அது சிவப்பு. குப்பண்ணனுடையது பச்சை. இரண்டுக்கும் கூரை வெள்ளை.

குடைக்காரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கி வந்தார்.

"கவுண்டரா?"

"ஆமாங்க. சாமிதான் யக்ஞநாராயணனுங்களா?"

"பின்னே? இந்த மழையில வேறே யார் வந்து நிப்பா. பின்னாலே என்ன ஏத்தியிருக்கேள்?"

"ஒண்ணுமில்லீங்க. ரெண்டு சாக்கு அரிசி, முப்பது தேங்கா, கொஞ்சம் வெல்லம்."

"அதான். இழுக்கற சக்கரம் முன்னாலே, பாரம் பின்னாலே. மூக்கு லேசாயிடுத்து. எப்படி ஏறும்?"

முதல்முறை ஒரு வீட்டுக்குப் போகிறவர் வெறுங்கையோடு போவது குப்பண்ணனின் ஊரான நல்லேப்பிள்ளியில் வழக்கமில்லை. "பின்னால எடஞ் சும்மாதான கெடக்குது" என்று சொல்லி மனைவி சரஸ்வதியம்மாள்தான் ஏற்றி அனுப்பியிருந்தாள். நான்கு வருடமாக அந்த வண்டி யார் வீட்டுக்குப் போனாலும் பின்பக்கம் தாழ்ந்துதான் போனது.

"எறக்கிப் போடட்டுங்களா?"

"வேண்டாம். திருப்புங்கோ. ரிவர்ஸ்லே ஏறுங்கோ. மேடு ஏறறபோது பாரமெல்லாம் கீழ்ப்பக்கத்துச் சக்கரத்துக்கு வரும். கீழ்ப்பக்கம் மூக்கு இருக்கட்டும்."

நாற்பத்தாறு வயதில், நூறு மைல் ஓட்டி வந்து, இதுவரை பார்த்திராத ஒருவர் வீட்டு வாசலுக்குக் குப்பண்ணன் பின்புறமாக ஏறிப் போனார். ரேஷன் பையோடு வந்த இரண்டு பெண்கள் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். வண்டி எளிதாக ஏறியது. வாசலில் நிறுத்துவதற்காக ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்தபோது இடது முன்சக்கரத்துக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எஞ்சின் ஓடியது, சக்கரம் ஓடவில்லை.

குப்பண்ணன் சாவியைத் திருப்பி நிறுத்தினார். எந்தச் சத்தம் வந்துவிடக் கூடாதென்று நூறு மைலும் மெதுவாக ஒடித்து ஒடித்து வந்தாரோ, அது இதுதான்.

"சக்கரத்த அச்சோட சேக்கற ஜாயின்டு போச்சுங்க" என்றார்.

"கேட்டது" என்றார் யக்ஞநாராயணன். "உள்ளே வாங்கோ. காப்பி சாப்பிடலாம்."

அந்த மலையில் அந்த வகை வண்டிகள் இரண்டு இருந்தன. இரண்டு எஸ்டேட் துரைமார் அடுத்தடுத்த வருடங்களில் கப்பலில் வரவழைத்தவை. அளவில் சின்னது. ஆனால் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கென்று செய்தது. துரைமார் சீமைக்கே திரும்பிப் போனபோது ஒன்றைப் பவர்ஹவுஸ் இன்ஜினியர் யக்ஞநாராயணன் வாங்கினார், இன்னொன்றை நல்லேப்பிள்ளிக் குப்பண்ணன் வாங்கினார்.

குப்பண்ணன் அதற்குமுன் ரேக்ளா ஓட்டினார். தை மாதம் பந்தயங்களில் அவருடைய காளைகளுக்குப் பெயர் இருந்தது. நாற்பத்திரண்டாம் வயதில் ஒரு திருப்பத்தில் வண்டி கவிழ்ந்து தோள்பட்டை எலும்பு இரண்டாயிற்று. கட்டுப் பிரித்த அன்றைக்கு சரஸ்வதியம்மாள் அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கற்பூரத்தை ஏற்றி, அவர் கையைப் பிடித்து அதன்மேல் வைத்து அணைத்தாள். இனி ரேக்ளாவில் ஏறுவதில்லை என்று சத்தியமாயிற்று. காளைகளைப் பொள்ளாச்சிச் சந்தையில் விற்றார். அடுத்த மாதம் இந்த வண்டி வந்தது. சத்தியத்தில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஊரில் அதற்கு எலிப்பொறி என்று பெயர். எருமைகள் அதைக் குனிந்து பார்த்தன. வரப்பு மாதிரி எது குறுக்கே வந்தாலும் அடிவயிறு தட்டியது. குப்பண்ணன் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். ஒன்றை மட்டும் விடாமல் சொன்னார்: "எருது முன்னால நின்னுதான் இழுக்குது. பின்னால நின்னு தள்ளற எருத எங்காச்சும் பாத்திருக்கறீங்களா? மத்த காரெல்லாம் அப்படித்தானுங்க."

திருப்பத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி வெளியே போகப் பார்க்கும். காலை இம்மி எடுத்தால் மூக்கு உள்ளே வரும். உள்பக்கத்துக் காளையின் கயிற்றை லேசாகச் சுண்டுவதும் அதுவும் ஒன்றுதான். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தை மாதப் பந்தய நாளில் விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு சின்னாறு செக்போஸ்ட் தாண்டி மறையூர்வரை போவார். திருப்பங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, பந்தயம் முடிந்து கூட்டம் கலைந்திருக்கும் நேரம் பார்த்து வீடு திரும்புவார். எங்கே போனீர்கள் என்று சரஸ்வதியம்மாள் கேட்டதில்லை.

வண்டி இல்லாவிட்டால் அந்த நாளில் அவர் எங்கே நிற்பார் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

யக்ஞநாராயணனின் முகவரி அவருக்கு உதிரி பாகம் தேடியபோது கிடைத்தது. இரண்டு வருடமாக இருவரும் கார்டு எழுதிக்கொண்டார்கள். முன்டயர்கள் பின்டயர்களைவிட இரண்டு மடங்கு வேகத்தில் தேய்கின்றன. மழைத்தண்ணீர் முன்பக்கக் கம்பிச்சட்டம் வழியாக நேரே டிஸ்ட்ரிபியூட்டரில் விழுந்து வண்டி நின்றுவிடுகிறது. வேகமாக மிதித்தால் ஸ்டியரிங் கையை விட்டுப் பிடுங்குகிறது. எண்ணெய் ஒழுகுகிறது. முழங்கால் இடிக்கிறது. நல்லதாக ஒரு வரி இரண்டு பேரும் எழுதவில்லை. ஜாயின்ட் 'கட் கட்' என்று ஆரம்பித்து நாலு மாதமானபோது, இவ்வளவு வெறுக்கிறவர் தன் வண்டியைப் பிரித்துத் தந்துவிடுவார் என்று குப்பண்ணன் கிளம்பி வந்தார். வருகிறேன் என்று மட்டும் ஒரு கார்டு போட்டிருந்தார்.

யக்ஞநாராயணனின் மனைவி பாகீரதி காப்பி கொண்டுவந்து வைத்தாள். "ஒரு மூட்டை அரிசியே எங்களுக்கு ஆறு மாசம் வரும். ஆத்துல ரெண்டே பேராக்கும்" என்றாள்.

யக்ஞநாராயணன் தம்ளரை ஆற்றினார். "சரி, எப்போ தரேள்?"

"என்னதுங்க?"

"உங்க வண்டியை. கியர் பொட்டிக்கு. அதுக்குத்தானே வந்தது?"

குப்பண்ணன் தம்ளரைக் கீழே வைத்தார். "நானு சாமி வண்டியக் கேக்கோணும்னு வந்தனுங்க. ஜாயின்டுக்கு."

யக்ஞநாராயணன் எழுந்து போய் ரப்பர் வளையம் போட்ட கார்டுக் கட்டை எடுத்துவந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "பிப்ரவரி பதினெட்டு. 'இந்தச் சனியனை எவனாவது கொண்டு போனால் கும்பிட்டு அனுப்புவேன்.' உங்க கையெழுத்தாக்கும்."

"அது மாட்டாஸ்பத்திரி முக்குல அடி தட்டுன அன்னைக்கு எழுதுனதுங்க. சாமி எழுதலீங்களா, இதுக்கு எருமை மேலுன்னு?"

"அது மழை நாள்."

"அப்ப எனக்கும் அன்னைக்கு மழைன்னு வெச்சுக்கோங்க."

"குறை சொன்னாத் தூக்கிக் குடுத்துடுவான்னு யார் சொன்னா?" என்றாள் பாகீரதி. "இவர் என் சாம்பாரை இருபத்தெட்டு வருஷமா குறை சொல்லறார். ஒரு நாள் மிச்சம் வச்சதில்லை." பிறகு வலக்கையை நீட்டிக் காட்டினாள். உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே காய்த்திருந்தது. "பாருங்கோ. எங்க வண்டியில ரெண்டாம் கியர் நிக்காது, துள்ளி வெளியில வந்துடும். இருபத்தொரு மாசமா ரெண்டாம் கியர் நானாக்கும். இவர் ஓட்டுவார், நான் பிடிச்சுண்டிருப்பேன்."

"தெனமுமுங்களா?"

"பவர்ஹவுஸ்லேருந்து திரும்பி ஏறி வரணுமே. அதனால காலம்பற நானும் கூடப் போறேன். சாயங்காலம்வரை அங்கே ஸ்டோர்ல உக்காந்து ராமஜெயம் எழுதறேன். ஒரு தடவை தும்மினேன். கியர் விட்டுடுத்து. பின்னாலே வந்த லாரிக்காரன் வாயில வராததெல்லாம் சொன்னான்."

"வாரியத்துல ஜீப்பு இருக்குமுங்களே?"

"இருக்கு. இவர் ஏற மாட்டார். பின்னாலேருந்து தள்ளறதாம்."

குப்பண்ணன் யக்ஞநாராயணனை முதல்முறையாக நன்றாகப் பார்த்தார்.

இடது காது மடலில் முடி நரைத்த, சட்டைப்பையில் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருந்த மனிதர். ரிட்டயராக மூன்று வருடம் இருந்தது. இருவரும் கொஞ்ச நேரம் வாசலில் நின்ற வண்டிகளைப் பார்த்தார்கள். ஒன்றுக்குக் கால் இல்லை, ஒன்றுக்கு வயிறு சரியில்லை.

"ஜாயின்ட் கழட்ட எத்தனை நேரமாகும்?" என்று பாகீரதி கேட்டாள்.

"மூணு மணி நேரம்."

"கியர் பொட்டி?"

யக்ஞநாராயணன் கண்ணாடியைக் கழற்றினார். "அது எஞ்சினுக்கு அடியில ஒட்டிண்டிருக்கு. எஞ்சினையே தூக்கணும். நாலு நாள். அதுவும் பட்டறை யாக்கோபு நிதானத்துல இருந்தா."

"அப்போ எது பொழைக்கணும்னு கேள்வியே இல்லை. சிவப்புலேருந்து எடுத்துப் பச்சைக்கு மாட்டுங்கோ. அப்பறம் அந்தப் பச்சை யாருக்குன்னு சண்டை போடுங்கோ. எனக்கு அடுப்புல வேலையிருக்கு."

அவள் உள்ளே போனாள். சண்டை ஆரம்பிக்கவில்லை. வண்டி என்னுது என்று குப்பண்ணன் சொல்லியிருக்கலாம். ஜாயின்ட் என்னுது என்று யக்ஞநாராயணன் சொல்லியிருக்கலாம். ஜாயின்ட் இல்லாமல் போனால் குப்பண்ணன் பஸ்ஸில் போக வேண்டும். ஜாயின்டைத் தந்துவிட்டால் இவர்கள் அந்த மேட்டை நடந்துதான் ஏற வேண்டும். குப்பண்ணன் அந்தக் காய்த்த கையை நினைத்தார். பிறகு தை மாதத்தை நினைத்தார். வாயில் வந்தது வேறொன்று.

"எங்கூர்ல வாய்க்காத் தண்ணிய முறை வெச்சு உடறோமுங்க. எம்முறை வந்தா எங்காட்டுக்கு. அவர் முறை வந்தா அவர் காட்டுக்கு. எம்பயிரு காஞ்சு கெடந்தாலும் அவர் முறையில நான் மடை தொறக்கக் கூடாதுங்க. கேக்கவும் கூடாது."

"முறையில சண்டை வராதோ?"

"வருமுங்க. எங்க பெரியப்பனுக்கு மண்வெட்டியில மண்டை ஒடஞ்சுது. ஆனா முறை நிக்குமுங்க."

யக்ஞநாராயணன் தலையாட்டினார். பவர்ஹவுஸில் இயந்திரங்களை முறை வைத்து நிறுத்துவது அவருடைய வேலைதான். உடனே பங்கு பிரிக்க ஆரம்பித்தார். "இடவப்பாதியில, அதான் உங்க வைகாசியில, மழை தொடங்கினா துலாம் மாசம், ஐப்பசி முடியறவரைக்கும் இந்த வண்டி மலையில ஓடாது, நனைஞ்சு நனைஞ்சு நின்னுடும். அந்த ஆறு மாசம் கீழே உங்களண்டே இருக்கட்டும். கார்த்திகையிலேருந்து சித்திரைவரை இங்கே. என்ன சொல்றேள்?"

நியாயமான பங்கு. குப்பண்ணன் விரல்களை மடக்கினார். கார்த்திகை. மார்கழி. மூன்றாவது விரலில் நின்றார்.

"என்ன, சரியில்லியோ?"

தை மாதத்தில் ஒரு பத்து நாள், இல்லை, ஒரே ஒரு நாள் கேட்கலாம். கேட்டால் இவர் தந்துவிடுவார், அப்படிப்பட்ட முகம். ஆனால் அடுத்தவன் முறையில் கேட்கக் கூடாது என்று இப்போதுதான், இதே வாயால் சொல்லியிருந்தார்.

"சரிங்க" என்றார். விரல்களை நிமிர்த்திக்கொண்டார்.

மறுநாள் புதன்கிழமை. மழை விடவில்லை. யாக்கோபு எட்டு மணிக்கு வந்தார். எஸ்டேட் பட்டறைக்காரர். இரண்டு வண்டிகளையும் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ஒண்ணக் கொன்னு ஒண்ணப் பொழைக்க வைக்கீக" என்றார். சிவப்பு வண்டியின் இடது முன்சக்கரத்தைக் கழற்றி, அச்சுக்கு அடியில் நான்கு கல் அடுக்கினார். பதினொன்றரைக்கு வேலை முடிந்தது. யக்ஞநாராயணன் பத்து மணிக்கே ஜீப்பில் ஆபீஸ் போயிருந்தார். பின்சீட்டில் உட்கார்ந்துதான் போனார். பாகீரதி வீட்டில் இருந்தாள். ஒரு சாக்கு அரிசியைத் திருப்பி வண்டியில் ஏற்றச் சொன்னாள். "முன்னாலே வையுங்கோ" என்றாள். யாக்கோபு அதை முன்சீட்டில் வைத்தார்.

மூணாறு போய்ச் சேருவதற்குள் டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்து வண்டி நின்றது. குப்பண்ணன் துண்டால் துடைத்துக் காயவைக்க இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. மறையூருக்குக் கீழே மழை இல்லை. திருப்பங்களில் சத்தம் இல்லை. உடுமலைப்பேட்டையில் டீ குடித்தார். ஐந்தரை மணிக்கு வீடு வந்தது.

சரஸ்வதியம்மாள் முன்சீட்டு அரிசியைப் பார்த்தாள். "ஏனுங்க, போன காரியம் ஆச்சுங்களா?"

"பாதி ஆச்சு. தை மாசம் வண்டி அவிங்க ஊட்ல நிக்கும்."

அவள் முன்கதவைத் திறந்தாள். "தை மாசம் பழனிக்குப் போகோணும்னு இருந்தேன். நீங்களும் வாங்க. பஸ்ஸுல போயிக்கலாம்" என்றாள். சாக்கின் ஒரு முனையைப் பிடித்தாள். இருவருமாக அதை உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள்.

குளித்துவிட்டுக் குப்பண்ணன் ஒரு கார்டு எடுத்து எழுதினார். வண்டி இப்போது இடப்பக்கம் இழுக்கிறது. முன்னைவிட மோசம். ஸ்டியரிங் கனம் கூடியிருக்கிறது. முன்சீட்டு அரிசியால் கியர் போட முழங்கை இடிக்கிறது. வழியில் நின்றது. மற்றபடி இங்கு மழை இல்லை.

தபால் பெட்டிவரை நடந்து போனார். அன்றைய தபாலை எடுத்துப் போய்விட்டிருந்தார்கள். கார்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.