கணக்குக் கேட்ட தனம் அக்கா

மங்கலம்பேட்டையில் ஒரு ஹார்டுவேர் கடையில் எங்கள் பட்டறையில் செய்த பீங்கான் பியூஸ் கேரியர் மாதிரிகளை எடுத்து வைத்தேன். கடைக்காரர் அவற்றைத் தொடவே இல்லை. "தனம் அம்மா காலையில தவறிட்டாங்களாமே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். பையை அங்கேயே போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் என் பீங்கான் பட்டறைக்கு அடுத்த பட்டறை தனம் அக்காவுடையது. எங்கள் சரக்கு ஒரே சூளையில் வெந்தது. கருத்து மட்டும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. வரி கூடினால் நான் புலம்புவேன், அவர் சண்டைக்குப் போவார்.

நம் பட்டறைச் சங்கத்து நண்பர்களே, போன வருஷத்துக் கூட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எல்லையில் சண்டை. அக்காவின் ஒரே மகன் செல்வம் பட்டாளத்தில், அங்கேதான் நின்றான். யுத்த நிதி பற்றிப் பேச்சு வந்தது, கூடவே புது வரி வரும் என்றும். "இது கணக்குப் பார்க்கிற நேரமில்லை" என்று தலைவர் முடிக்கப் பார்த்தார். அக்கா எழுந்துவிட்டார்.

"நிதி தரேங்க. இவ்ளோ வரி வாங்கியும் சண்டைக்குக் காசு பத்தலன்னா, வாங்கினது எங்க போச்சு? சூளையில சூடு ஏத்தறதுக்கும் ஒரு அளவு இருக்குது. மீறினா சாமான் வளைஞ்சிடும். வளைஞ்சுபோன ஜனங்கள வச்சிக்கிட்டு எத்தினி நாளு சண்டை போடுவீங்க?"

"பெத்த புள்ள அங்க நிக்கும்போது பேசற பேச்சா இது?" என்று ஒருவர் கத்தினார். அவர் பெயர் எதற்கு? சாவுக்கு வந்து அவரும்தான் அழுதார். "நாடு இருந்தாதானேக்கா சூளை, வரி எல்லாம்?" என்று நானும் எதிர்த்தேன். அக்கா சிரித்தார். "நாடு இருக்கணும்னுதான் தம்பி கேக்கறேன்."

அந்தப் பேச்சுக்காக ஒரு பெரிய வியாபாரி அவரிடம் சரக்கு எடுப்பதையே நிறுத்தினார். அக்கா அசரவில்லை. சேத்தியாத்தோப்பு வரை அலைந்து புதுக் கடைகளைப் பிடித்தார்.

செல்வம் பத்திரமாகத் திரும்பினான். காரியம் முடிந்த அன்று அவனிடம் கேட்டே விட்டேன். அம்மா அப்படிப் பேசியதில் அவனுக்கு வருத்தம் உண்டா?

"அம்மாவே போன்ல சொன்னாங்க மாமா. 'நீ அங்க தைரியமா நில்லுடா. இங்க கணக்கு கேக்கறத நான் பாத்துக்கறேன்'னாங்க. அப்பறம்தான் எனக்கு நிம்மதி."

சண்டை வந்தால், வரி எவ்வளவு ஏறினாலும் கட்டித்தான் ஆகவேண்டும் என்பது இன்றைக்கும் என் கட்சி. அதில் அக்காவுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அவர் விட்டுப்போன வேலையை நான் எடுத்துக்கொண்டேன். நேற்று செல்வம் மறுபடி எல்லைக்குக் கிளம்பினான். ரயில் நகரும்போது அவன் கையைப் பிடித்துச் சொன்னேன்.

"தைரியமா போயிட்டு வாப்பா. இங்க கணக்கு கேக்கறத நான் பாத்துக்கறேன்."