லில்லியின் சுத்த ரத்தம்

எங்கள் லேப்ரடார் லில்லிக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. பார்வை போய்க்கொண்டிருக்கிறது. பரம்பரைக் கோளாறாம். தாய்க்கும் தகப்பனுக்கும் மரபணு டெஸ்ட் எடுத்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும் என்றார் டாக்டர்.

இன்று காலை செவிலிமேட்டுக்குப் போனேன், அவளை எங்களுக்கு விற்றவரிடம். சண்டை போட அல்ல. அடுத்த ஈத்துக்கு முன்னால் அந்த டெஸ்ட்டை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல.

"இன்னாமா பேசறீங்க? உங்க புடவை ஜரிகைல வேணா கலப்படம் இருக்கும், எங்கிட்ட ரத்தத்துல கெடையாது. லில்லியோட அப்பனும் அம்மாவும் ஒரே வயித்துல பொறந்ததுங்க. அவ்ளோ சுத்தம்!"

"அதனாலதாங்க கண்ணு போச்சு" என்றேன்.

தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மனது இளகிவிட்டது என்று நினைத்தேன்.

"சரிமா, வச்சிக்கினு கஷ்டப்படாதீங்க, எங்கிட்டயே குடுத்துடுங்க. பொட்ட தானே, குட்டி போடறதுக்குக் கண்ணு எதுக்கு?"

கிளம்பிவிட்டேன். வாசலில் புது போர்டு: 'அசல் ஜாதி நாய்க்குட்டிகள் கிடைக்கும்'.

அவரிடம் குட்டிக்குச் சொல்லிவைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம் யாராவது இருந்தால், கூடவே ஒரு வெள்ளைக்கோலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.